தேவசகாயத்தின் ஐபீஸ்

மூன்றாவது சொட்டு. எரிகிறது. எரிச்சல் கண்ணோடு நிற்காமல் மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசப்பாக வந்து உட்காருகிறது. கண்ணில் விட்ட மருந்து நாக்கில் கசக்கும் என்று யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா, இல்லை, பத்து இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். "கண்ணைத் தெறக்கக் கூடாதுங்க சார், மூடிட்டே இருங்க, பத்து நிமிசத்துல மறுக்கா வர்றேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போகிறாள், செருப்புச் சத்தம் போகிறது, அங்கேயும் அதே கேள்வி, எந்தக் கண்ணுங்க, எந்தக் கண்ணுங்க. என் நெற்றியில் வலது புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், கண் மாறிவிடக் கூடாதாம். மாறினால் நன்றாகத்தான் இருக்கும், ஒழுங்காக இருக்கிற ஒன்றையும் கெடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் தெய்வானை உட்கார்ந்திருக்கிறாள், என் கண்ணாடி, செல்போன், மோதிரம் எல்லாம் அவள் பையில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன் இப்படி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு பிரசாதத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார வேண்டியிருக்கிறது. கத்தி வைப்பது பற்றி எனக்குப் பயமில்லை. பயமில்லை என்று நேற்றிலிருந்து எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன். கத்தி இல்லை, போன வாரம் டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். விளக்கை என் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற மாதிரி, "இந்தப் பொரை மூணு வருசமாவது இருந்திருக்கோணுமே, உங்களுக்குத் தெரியலீங்களா" என்று கேட்டார். தெரியலீங்க என்றேன். மூன்று வருஷம். மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒன்று. தேவசகாயத்தின் ஐபீஸை நான் வாங்கியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். எத்தனை முறை கழித்தாலும் ஒன்றுதான் வருகிறது.

ஐபீஸ் என்றால் தெய்வானைக்கு இன்றுவரை தெரியாது, டெலஸ்கோப்பில் கண்ணை வைக்கிற இடத்தில் செருகுகிற சின்னக் குழாய் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வெளிச்சத்தைப் பிடிப்பது கீழே இருக்கிற கண்ணாடி, பிடித்ததைப் பெரிதாக்கிக் கண்ணில் கொடுப்பது ஐபீஸ். டெலஸ்கோப் வாங்கும்போதே இரண்டு சேர்ந்து வரும், தனியாக வாங்கினாலும் இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். தேவசகாயம் வாங்கியது நாற்பத்தைந்தாயிரம். ஒரு கையளவு சாமான். அதற்குள் ஏழெட்டு வில்லை, எடை அரைக் கிலோவுக்குக் கிட்ட, தோல் பையில் போட்டு வந்தது. வானம் பார்க்கிற எங்கள் குழுவில் அப்போது இருபது பேர் இருந்தோம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை காங்கேயம் தாண்டி மாடு மேய விட்டிருக்கும் ஒரு கொறங்காட்டுக்குப் போவோம், சுற்றிலும் மரமில்லை, விளக்கில்லை, வானம் தரைவரைக்கும் இறங்கியிருக்கும். அங்கே வைத்துத்தான் எல்லோருக்கும் நான் பாடம் எடுப்பேன். விலை கூடிய ஐபீஸ் என்பது ஏமாற்று வேலை, ஓரத்தில் கொஞ்சம் அகலம் கூடுதலாகத் தெரியும், ஓரத்தில் பார்க்க உனக்கு என்ன இருக்கிறது, பார்க்கிறது நடுவில்தானே, நடுவில் இரண்டாயிரமும் நாற்பத்தைந்தாயிரமும் ஒன்றுதான், பேருக்குக் காசு கொடுக்கிறாய் என்பேன். கணக்குப் போட்டுக் காட்டுவேன். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அந்த வட்டாரத்தில் முதன்முதலில் டெலஸ்கோப் வாங்கினவன் நான். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் தேவசகாயம் அந்தத் தோல் பையை அவிழ்த்தான்.

தேவசகாயத்துக்கு ஊரில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. பத்தாவதோடு படிப்பை விட்டவன், ஆனால் இரும்பு அவன் சொன்னபடி கேட்கும். என் டெலஸ்கோப்பின் ஸ்டாண்டு, அதன் கீழே சுழலுகிற தட்டு எல்லாம் அவன் கடைந்து கொடுத்தது, கூலி வாங்கவில்லை. "அண்ணாகிட்டக் கூலியா, நீங்கதானுங்களே எனக்கு மொதமொதல்ல சனியைக் காட்டுனது" என்றான். அவன் அதைச் சொல்லும்போது எனக்கு மனசு எவ்வளவு குளிர்ந்தது. அப்படிப்பட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் நாற்பத்தைந்தாயிரத்துக்கு வாங்குகிறான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நிலாவைக் காட்டினான். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொருத்தனும் குனிந்ததும் "அப்பாடி" என்றான். நம்ம ஐபீஸில் நிலா குழாய்க்குள் அடைத்த மாதிரி விளிம்பை இடித்துக்கொண்டிருக்கும். இதில் முழு நிலாவும் நடுவில் நிற்கிறதாம், சுற்றிலும் கறுப்பு வானம், குழாய் இருக்கிற நினைப்பே இல்லையாம், குழுவில் இருந்த மருதாசலம் மூன்று தடவை வரிசையில் நின்றான். "அண்ணா வாங், ஒருக்கா பாருங்" என்று தேவசகாயம் என்னைக் கூப்பிட்டான். நான் போகவில்லை. நிலாவைப் பார்க்காதவனா நான், அதில் பார்க்க என்ன புதுசா இருக்குது என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தேன். அடுத்த மாதமும் கூப்பிட்டான். அதற்கடுத்த மாதமும். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டான். இரண்டு வருஷம் அந்த ஐபீஸ் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது, அதில் முதல் ஒரு வருஷமாவது என் கண் நன்றாக இருந்தது, நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஏதாச்சும் வேணுங்களா" என்கிறாள் தெய்வானை. வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று யாரையும் கேட்காமல் தண்ணி வேணுங்களா என்கிறாள். கண் மூடியிருந்தால் காது கூர்மையாகிவிடும் போல, எதிரே யாரோ ஒரு கிழவர் முனகுவது கேட்கிறது, மாடியில் நாற்காலியை இழுக்கிறார்கள். பட்டறையில் பெரிய லேத்தின் மோட்டார் எரிந்துவிட்டது, அதனால்தான் அவன் ஐபீஸை விற்றான். குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டான், முப்பதாயிரம் என்று. போட்ட ஐந்தாவது நிமிஷம் நான் தனியாக அவனுக்குப் போன் செய்தேன். யாருக்கும் சொல்ல வேண்டாம், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் அவன் சிரித்திருப்பானோ, இல்லை, அவன் அப்படிச் சிரிக்கிறவன் இல்லை. "உங்க கைக்குப் போனாச் சந்தோசந்தானுங்ணா" என்றான். வாங்கி வந்தேன். மொட்டைமாடியில் வியாழனைப் பார்த்தேன், ஆசையோடு பார்த்தேன், கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு ஆசை இருந்ததா தெரியாது. வியாழனைச் சுற்றி மயிர் முளைத்திருந்தது. நாலா பக்கமும் மெல்லிய வெள்ளை மயிர், நடுவில் இருக்க வேண்டிய பட்டைகள் பால் ஊற்றிக் கலைத்த மாதிரி. என் பழைய இரண்டாயிரம் ரூபாய் ஐபீஸைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே மயிர்தான், ஆனால் அது இரண்டாயிரம் ரூபாய், அதில் மயிர் இருக்கலாம். ஆக நான் பத்து வருஷமாகச் சொன்னது சரி. சரி என்று நிரூபணமானதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, முப்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கைப் பொருளாகிவிட்டேன் என்றுதான் தோன்றியது. மறுநாள் காலையில் குழுவில் எழுதினேன். தேவசகாயம் எனக்குக் கொடுத்த ஐபீஸின் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, பழைய சாமானைத் துடைத்துத் தலையில் கட்டிவிட்டார், அவரிடம் எதையும் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கவும். பார்த்து வாங்கவும். அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு, பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அவன் குழுவில் ஒரு பதிலும் எழுதவில்லை. மூன்றாம் நாள் மொபெட்டில் வந்தான், முழுப் பணத்தோடு. மோட்டாருக்குக் கொடுத்துவிட்ட பணத்தை எங்கே புரட்டினானோ, நான் கேட்கவில்லை. ஐபீஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், தோல் பையில் போட்டான். "எனக்குச் சுத்தமாத்தானுங்ணா தெரியுது. உங்க கண்ணுக்குச் சரியில்லீன்னா வேண்டாமுங்க, விட்டுருங்க" என்றான். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒருக்கா கண்ணு டாக்டரைப் பாத்துருங்" என்றான். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ. திருட்டுச் சாமானைத் தலையில் கட்டிவிட்டு என் கண்ணைச் சொல்கிறாயா, நீ லேத்து ஓட்டுகிறவன், நீ எனக்கு ஆப்டிக்ஸ் சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மொபெட்டைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனான், தெருமுனையில் போய்த்தான் கிளப்பினான். அன்று சாயங்காலம் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். காங்கேயத்துக்கும் வரவில்லை. குழுவில் ஏழெட்டுப் பேர் அவனிடம் ஸ்டாண்டு செய்யச் சொல்லியிருந்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை என்று மருதாசலம் பிற்பாடு சொன்னான். நான் "ம்" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும். சொல்லுங்கள், எனக்கு எப்படித் தெரியும். சாதாரணமாக இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருக்கிறது, பேப்பர் படிக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. டெலஸ்கோப்பில் மட்டும்தான் இடது கண்ணை இறுக்கிக்கொண்டு வலது கண்ணை வைக்கிறேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், சாப்பிடுகிற கை மாதிரி, யார் அதைப் பற்றி யோசிப்பார்கள். ஒரே ஒரு தடவை இடது கண்ணை வைத்திருந்தால் போதும். ஒரு வினாடி வேலை. தோன்றவில்லை. தோன்றாதது ஒரு குற்றமா. மின்வாரியத்தில் மீட்டர் டெஸ்டிங்கில் இருந்தவன் நான், வாழ்நாள் முழுக்க அதுதான் வேலை, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் வரும், நான் போய்ச் சோதனை மீட்டரைப் பக்கத்தில் மாட்டி ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்ப்பேன், பத்துக்கு ஒன்பதில் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். மீட்டர்ல குறையில்லீங்க, வீட்டுலதான் ஃபேனும் லைட்டும் ஓடிட்டே இருக்குது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவேன். எத்தனை பேர் என்னைச் சபித்திருப்பார்கள். அதே புத்திதானே டெலஸ்கோப்பிலும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன், காட்சியில் ஏதாவது மயிர் கியிர் தெரிந்தால் உடனே சாமானைக் குறை சொல்லாதே, ஐபீஸைக் கழற்றாமல் அப்படியே கையால் சுற்று, மயிரும் கூடவே சுற்றினால் குறை ஐபீஸில். சுற்றவில்லையென்றால் இப்போது உன் தலையைச் சாய்த்துப் பார், மயிரும் சாய்ந்தால் குறை உன் கண்ணில். இதைக் கொறங்காட்டில் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். அதை நானே செய்து பார்க்கத் தோன்றாமல் போனது என் கெட்ட நேரம்.

செருப்புச் சத்தம் வருகிறது. "கண்ணைத் தெறங்க சார், மேல பாருங்க." வெளிச்சம் குத்துகிறது, கூரையில் ஒரு குழல் விளக்கு, அதைச் சுற்றி நாலா பக்கமும் மயிர். நான்காவது சொட்டு. "மூடிக்கோங்க. எந்தக் கண்ணுங்க?" வலது. போகிறாள். அந்த மயிர். இல்லை, பொய் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வருஷமாக இதே இடம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறேன். செய்து பார்த்தேன். அன்று மொட்டைமாடியில் அந்தத் தடித்த ஐபீஸைப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன், ரப்பர் விளிம்பு குளிர்ச்சியாக இருந்தது, மயிர் சுற்றவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் என் தலையை இடது தோள்பக்கம் சாய்த்தேன், கொஞ்சம்தான் சாய்த்தேன், மயிரும் என்கூடவே சாய்ந்தது. அந்த வினாடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கண் போகப் போகிறது என்று. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, அவர் கடைசி நான்கு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டே கக்கூஸுக்குப் போனார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்திக்கொண்டு, ஐபீஸைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, அங்கே இல்லாத பூஞ்சையைத் தேடினேன். தேடினால் எதுவும் கிடைக்கும். ஒரு சின்னத் தூசி கிடைத்தது. போதும். என் கண் கெட்டுப்போவதற்குப் பதிலாக அவன் கெட்டவனாகட்டும். இவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

கண் டாக்டரிடம் வரவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவும் தெய்வானை நச்சரித்து. வந்தால் இங்கேயும் ஐபீஸ் கடைதான். ஒரு பெண் மேஜையில் மூன்று அட்டையைப் பரப்பி, கண்ணுக்குள் வைக்க சாதா லென்ஸ், நடுத்தரம், வெளிநாட்டு உயர்ரகம் என்றாள், உயர்ரகத்தின் விலையைச் சொல்லும்போது அவள் குரலே மெத்தென்று ஆகிவிட்டது. கூடக் கொடுக்கிற காசுக்கு என்ன கூடத் தெரியும் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, டாக்டரிடம் அனுப்பினாள். டெலஸ்கோப் பார்க்கிறவன் என்றதும் டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்குச் சாதா லென்ஸே போதுமுங்க. அதுதான் நல்லது. அந்த வெலை கூடுனது கிட்டயும் காட்டும் தூரமும் காட்டும், ஆனா வெளிச்சத்தப் பிரிச்சுரும், ராத்திரில விளக்கைச் சுத்தி வளையம் வரும். நட்சத்திரம் பாக்கறவங்களுக்கு அது ஆகாது." என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு படித்த மனுஷன், அதுவும் கண்ணைப் பற்றியே படித்தவர், சாதா லென்ஸே போதும் என்று என் வாதத்தை ஒப்புக்கொண்டார். வெளியே வந்து யாரிடம் சொல்வது என்று தேடினேன். இந்த விஷயம் முழுசாகப் புரிந்து கைகொட்டிச் சிரிக்கக்கூடிய ஆள் ஒருத்தன்தான் இருந்தான்.

"ஏனுங்க" என்கிறாள் தெய்வானை, குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு சொல்லோணும், உள்ள போறதுக்கு முன்னால சொல்லிர்றேன், கோவிச்சுக்காதீங்க. போன தையில உழவர் சந்தையில தேவசகாயத்தைப் பாத்தனுங்க. அவருதான் என்னத் தனியாக் கூப்புட்டு, அக்கா, அண்ணனுக்குக் கண்ணுல பொரை விழுந்துருச்சுங்க, எப்படியாச்சும் கூட்டிட்டுப் போங்க, எம்பேரைச் சொன்னா வரமாட்டாரு, சொல்லாதீங்கன்னாரு." நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று. நான் நெஞ்சில் எதை எதிர்பார்த்தேன், நன்றியையா, ஆனால் முதலில் வந்தது கோபம்தான், அப்ப இவனுக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் தலையைக் குனிந்துகொண்டு போனான், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை எழுதினால் எனக்குக் கண் போனது இருபது பேருக்குத் தெரிந்துவிடும் என்று பார்த்தானா. இப்படி ஒரு மனுஷன் இருந்தால் அடுத்தவன் எப்படி நிம்மதியாக இருப்பது. கோபம் இருந்து இருந்து அடங்கியது, அடங்கிய இடத்தில் தொண்டைக் கசப்பு மட்டும் இருந்தது. "போனை எடு" என்றேன். "எனக்கு எழுத முடியாது, நீ எழுது. நம்ம குரூப்புல." பை ஜிப் திறக்கிற சத்தம். "எடுத்துட்டனுங்க, சொல்லுங்க." அவள் குரலில் ஒரு மலர்ச்சி, அவளுக்குப் புரிந்துவிட்டது போல.

சொல்ல வேண்டியது எனக்கு வரிவரியாகத் தெரியும். தேவசகாயத்தின் ஐபீஸில் பூஞ்சை இல்லை. குறை என் கண்ணில் இருந்தது. அது எனக்கு அன்றே தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாலு வரி. "நண்பர்களுக்கு வணக்கம்" என்றேன். "ம்." "இன்று எனக்குக் கண்புரை ஆபரேஷன்." "ம்." அடுத்த வரி நாக்கில் வந்துவிட்டது, மருதாசலம் அதைப் படிக்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று ஒரு நொடி பார்த்தேன், கொறங்காட்டில் இருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தேன். "விலை கூடின லென்ஸ் வேண்டாம், சாதா லென்ஸே போதும், அதுதான் நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார்." அவள் எழுதுகிற சத்தம் தயங்கித் தயங்கி வந்தது. "நான் பல வருஷமாகச் சொல்லி வருவதும் இதுதான்." சத்தம் நின்றது. "வேறங்க?" "அவ்வளவுதான்." "அவ்வளவுதானுங்களா?" "அனுப்பு."

அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் டிங் டிங் என்று பதில்கள் வர ஆரம்பித்தன. "மருதாசலம் எழுதீருக்காருங்க. டாக்டரே சொல்லிட்டாரா, அப்புறமென்ன, அண்ணன் சொன்னா எப்பவும் சரியாத்தான் இருக்கும்னு" என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். மற்றவற்றைப் படிக்கவில்லை, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். நாளைக் காலையில் கட்டை அவிழ்ப்பார்கள். ஒரு மாதம் போனால் டெலஸ்கோப்பில் கண் வைக்கலாமாம், எல்லாம் துல்லியமாகத் தெரியுமாம், மயிர் இருக்காதாம். ஆனால் அந்த ஐபீஸ் அந்த விலைக்குத் தகுமா தகாதா என்று எனக்குத் தெரியப் போவதில்லை. நல்ல கண் இருந்தபோது நான் பார்க்கவில்லை, பார்த்தபோது கண் சரியில்லை. இனிமேல் கண் வரும், ஆனால் கணபதியில் அந்தப் பட்டறை வாசலில் போய் நின்று, தேவா, ஒருக்கா பாத்துக்கறேன் என்று கேட்க எனக்கு வாய் வராது. செருப்புச் சத்தம் என் முன்னால் வந்து நிற்கிறது. "குழந்தைவேலு சார், எந்திரிங்க, உங்க முறை. கண்ணைத் தெறக்காதீங்க, கையைப் புடிச்சுக்கோங்க." எழுந்தேன். தெய்வானை என் கையைப் பிடிக்கவில்லை, நர்ஸ் பெண்தான் பிடித்தாள். "கடைசியா ஒருக்கா கேட்டுக்கறனுங்க, எந்தக் கண்ணுல சார் குறை?" வலது, என்றேன்.